பட்ட மரங்கள் ஏன் மக்கவில்லை?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நடுவது ஏன் என்று அங்குள்ள விவசாயி யாரையாவது கேட்டுப் பாருங்கள். மரக்கால் நட்டால் சில வருடங்களில் மண்மட்டத்தில் இற்றுப்போகும், காய்ப் பாரம் தாங்காமல் பந்தல் சாயும் என்பார். மண்ணுக்கு மேலே ஆள் உயரத்தில் அந்தக் கால் கெட்டியாகவே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் ஆழத்தில் புதைந்த அடிப்பகுதியும் அவ்வளவாகக் கெட்டிருக்காது. மண்ணும் காற்றும் சந்திக்கிற ஒரு சாண் அளவு மட்டும் விரலால் கிள்ளினால் உதிரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து குமுளி பஸ் ஏறலாம். கூடலூர் தாண்டியதும் லோயர் கேம்ப். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதும், அடிவாரத்தில் பெரியாறு நீர்மின் நிலையமும், பென்னிகுவிக் மணிமண்டபமும் கண்ணில் படும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குமுளி; அடுத்து தேக்கடி. பெரியாறு தேசியப் பூங்காவுக்குள் படகு நகரத் தொடங்கியதும் எல்லோரும் யானை வருகிறதா என்று கரையையே பார்ப்போம். ஆனால் முதலில் கண்ணில் படுவது யானை அல்ல. ஏரியின் நடுவே, கறுத்து, கிளையின்றி, ஈட்டி போல நிற்கும் நூற்றுக்கணக்கான பட்ட மரங்கள். அவற்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். பாம்புத்தாரா கழுத்தை வளைத்து உட்கார்ந்திருக்கும்.

அந்த மரங்கள் செத்து ஏறத்தாழ 130 வருடங்கள் ஆகின்றன. தோட்டத்து மரக்கால் சில வருடம் தாங்காத ஊருக்குப் பக்கத்திலேயே, இரவும் பகலும் தண்ணீரில் நிற்கிற கட்டை ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. ஈரம் பட்டால் மரம் மக்கும் என்பது உண்மையானால் இது எப்படி?

மூழ்கிய பள்ளத்தாக்கு

தேக்கடியில் நாம் பார்க்கும் ஏரி இயற்கை தந்தது அல்ல. சிவகிரி மலைப்பகுதியில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றை, முல்லையாறு வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே மறித்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய அணையின் தேக்கம் அது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படுகிற 1876-78 பெரும்பஞ்சம், வறண்ட மதுரைச் சீமைக்கு நீர் கொண்டுவரும் பழைய யோசனைக்கு அவசரம் கூட்டியது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887-இல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் அணை திறப்பு.

அணை எழும்ப எழும்ப நீர் பின்னோக்கி ஏறி, பள்ளத்தாக்கின் காட்டை மூடியது. இன்று நாம் தீவு என்று சொல்பவை அன்றைய குன்றுகளின் தலை. படகு போகும் வழி அன்றைய ஓடைகளின் போக்கு. 1899-இல் இந்த ஏரியைச் சுற்றியிருந்த காடு காப்புக்காடாயிற்று. பிறகு சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம், 1982-இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா என்று காவல் வலுத்தது. மனிதர் கட்டிய ஏரி ஒரு காட்டை மூழ்கடித்தது. அதே ஏரியைச் சுற்றித்தான் மிச்சக் காடு காப்பாற்றப்பட்டது.

மூழ்கிய மரங்கள் ஏன் செத்தன? வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத்தான் வேர் உயிர்வாழ்கிறது. அந்த இடுக்குகளில் நீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் வேர் திணறும், அழுகும். திராட்சைக் கொடியடியிலும் வாழையடியிலும் தண்ணீர் கட்டக் கூடாது என்று நம் விவசாயிகள் வடிகால் வெட்டுவது இதனால்தான். நெற்பயிருக்கு மட்டும் ஒரு தனி வசதி: தண்டுக்குள் காற்றுக்குழல்கள் இருக்கின்றன, இலைவழி வாங்கிய காற்றை அவை வேர்வரை கொண்டுபோகும். மலைக்காட்டு மரங்களுக்கு அது இல்லை. ஆகவே அவை நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டி மாண்டன.

மக்கவைப்பது யார்?

மக்குதல் என்பது தானாக நடப்பது அல்ல. அது ஓர் உணவு. உண்பவர்கள் இருந்தால்தான் நடக்கும்.

மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நெருக்கமாக அடுக்கிய நுண்குழல்கள் தெரியும். அந்தக் குழல்களின் சுவரில் முக்கியமான இரண்டு பொருள்கள். ஒன்று செல்லுலோஸ் என்னும் நார். மற்றது நாரோடு நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின். பெரியாறு அணையில் கற்களைச் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த சாந்து பிடித்திருப்பது போல, மரத்தில் நார்களை லிக்னின் பிடித்திருக்கிறது. அதை 'மரச்சாந்து' என்று சொல்லலாம். இந்த மரச்சாந்தை முழுமையாகக் கரைக்கும் திறமை இயற்கையில் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றில் முதன்மையானவை பூஞ்சைகள். மழைக்காலத்தில் விழுந்த மரத்தில் குடைக்காளான் முளைக்கிறதே, அது உள்ளே இழை இழையாக ஓடி மரத்தைத் தின்றுகொண்டிருக்கும் பூஞ்சையின் வெளிமுகம்.

பூஞ்சைக்கு இரண்டு தேவை: ஈரம், காற்று. ஈரம் இல்லாவிட்டால் அது செரிமான நீர்களைச் சுரந்து பரப்ப முடியாது. அதனால்தான் வீட்டு உத்தரம் ஒழுகாத கூரைக்கடியில் நூறு வருடம் இருக்கிறது. காற்று இல்லாவிட்டாலும் அது இயங்க முடியாது. லிக்னினை உடைக்கும் வேதிவினைக்கு ஆக்சிஜன் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் உணவு அப்படியே கிடக்கும், உண்பவர் இருக்க மாட்டார்.

இப்போது பந்தல்காலைத் திரும்பிப் பாருங்கள். மேலே காற்று உண்டு, ஈரம் போதாது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. மண்மட்டத்தில் இரண்டும் கூடுகின்றன. அங்கே இற்றுப்போகிறது.

தண்ணீரில் காற்றே இல்லையா? இருக்கிறது; மீன் மூச்சுவிடுவது அதைக்கொண்டுதான். ஆனால் அளவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால், ஒரு லிட்டர் சாதாரண ஏரி நீரில் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. அசையாத நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீரில் ஊறி, குழல்களெல்லாம் நிறைந்த கட்டையின் உட்புறத்துக்கு, உள்ளதைத் தின்று தீர்க்கும் வேகத்தில் புது ஆக்சிஜன் போய்ச் சேராது. அந்தக் கட்டை தனக்குள் கதவைச் சாத்திக்கொண்ட வீடு.

ஆழம் கூடக் கூட நிலைமை இன்னும் இறுகும். கிணற்றில் நீச்சல் அடித்தவர்களுக்கு இது தெரியும்: மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்க, காலை கீழே விட்டால் சில்லென்று இருக்கும். சூடான நீர் எடை குறைவு, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனம், கீழே தங்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இதை 'வெப்ப அடுக்கமைவு' என்பார்கள். ஆழமான ஏரிகளில் காற்றைத் தொட்டு ஆக்சிஜன் வாங்குவது மேலடுக்கு மட்டுமே. கீழடுக்கில் இருக்கும் கொஞ்சத்தையும் அடியில் படியும் இலைதழையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செலவழித்துவிடும்.

பழைய சோறும் மாவடு ஜாடியும்

இந்த அறிவியல் நம் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. இரவு மீந்த சோற்றை அப்படியே வைத்தால் கெட்டுப்போகும்; மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. தண்ணீருக்கு அடியில் பூஞ்சணம் செழிக்காது. காற்று அதிகம் கேட்காத பாக்டீரியாக்கள் மட்டும் மெல்லப் புளிக்க வைக்கும். மாவடு ஜாடியைத் திறந்தாலும் அதே பாடம்: உப்புநீரில் மூழ்கிய வடு வருடம் முழுக்கக் கெடாது, மேலே மிதந்து தலைநீட்டிய வடுவில்தான் முதலில் பூஞ்சணம் பூக்கும்.

சோற்றைப் போலவே மரத்திலும் தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் மரச்சாந்தை உடைப்பதில் அவை மிகவும் மந்தம். இதற்கு நல்ல சாட்சி கயிறுத்தொழில். தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட்டால், நாரைச் சுற்றியுள்ள மென்பொருளைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். லிக்னின் நிறைந்த நார் மட்டும் சேதமில்லாமல் மிஞ்சும். அதைத்தான் கயிறு திரிக்கிறோம். காற்றில்லா நீர் மென்மையானதை எடுத்துக்கொண்டு கடினமானதை விட்டுவைக்கிறது.

எப்படித் தெரியும்?

ஒரு விளக்கம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. வேறு இடங்களிலும் அது பலிக்க வேண்டும். உலகம் இதற்குப் பல சோதனைச்சாலைகளை வைத்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரின் அரண்மனை சேற்றில் அடித்து இறக்கிய 13,659 மரக்கம்பங்களின் மேல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கம்பங்களின் தலை நிலத்தடி நீருக்கு அடியில் இருக்கும்வரை கட்டடத்துக்குப் பயமில்லை. நெதர்லாந்து நகரங்களில் எங்கெங்கே நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதோ, அங்கே கம்பத்தலைகளுக்குக் காற்று பட்டது, பூஞ்சை வந்தது, வீடுகள் சாய்ந்தன. நீரை விலக்கியதும் மரம் மக்கத் தொடங்கியது என்பதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கஜகஸ்தானின் கோல்சாய் ஏரிகள் தேசியப் பூங்காவில் கைண்டி என்றொரு மலையேரி. 1911-இல் வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உருவானது. மூழ்கிய ஊசியிலை மரங்கள் இன்றும் அங்கே கப்பலின் பாய்மரம் போல நிற்கின்றன. நீருக்கு மேலே தெரிவது மொட்டைக் கம்பம்; நீருக்கு உள்ளே கிளைகள்கூட அப்படியே இருக்கின்றன. அங்கே பனிக்குளிர் காக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். வெப்பமண்டல நாடான பனாமாவில், கால்வாய்க்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் மூழ்கடிக்கப்பட்ட கட்டூன் ஏரியின் அடிமரங்களை அண்மைக் காலத்தில் வெட்டி எடுத்து அறுத்து விற்றிருக்கிறார்கள். குளிர் உதவும், ஆனால் காற்றின்மைதான் காவல்.

நமக்கு நெருக்கமான சான்று பெரியாற்றின் மறுமுனையிலேயே இருக்கிறது. ஆறு கடலைச் சேரும் பகுதியில், பழைய முசிறியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பட்டணத்தில், 2007-இல் அகழாய்வாளர்கள் நீர்தேங்கிய களிமண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரு மரத்தோணியை எடுத்தார்கள். ஒரே அயினி மரத்தைக் குடைந்து செய்தது. அதன் வயது சுமார் 2000 ஆண்டுகள் என்று காட்டியது கதிர்க்கரிமக் காலக்கணிப்பு. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்டது. மரம் செத்ததும் வரவு நின்றுவிடும். இருந்த இருப்பு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிஞ்சிய இருப்பை அளந்தால் வரவு நின்ற நாள் தெரியும். அந்த மரத்தை அவ்வளவு காலம் காத்தது மருந்தோ மந்திரமோ இல்லை, ஈரக் களிமண்.

வைரம் பாய்ந்த கட்டை

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. நாம் படகிலிருந்து பார்ப்பது நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை. அதற்குக் காற்றும் உண்டு, மழையீரமும் உண்டு. அது ஏன் இன்னும் இருக்கிறது?

விடை தச்சர்களின் சொல்லில் இருக்கிறது: வைரம். மரத்தின் வெளிவட்டம் நீரை ஏற்றும் உயிர்ப்பகுதி, வெளிறியது, மென்மையானது. வயதான நடுப்பகுதி அந்த வேலையை விட்டுவிட்டு, குழல்களைப் பிசினாலும் கசப்பான, நச்சான வேதிப்பொருள்களாலும் அடைத்துக்கொள்கிறது. அதுதான் வைரம் பாய்தல். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது ஒவ்வாத உணவு. இந்த உள்வைரத்தைத் தமிழர் எவ்வளவு காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள் என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. மரத்தையும் புல்லையும் அது பிரித்தறிவது, கடினம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை வைத்துத்தான்.

ஆக, 1895-இல் மூழ்கிய மரங்களில் வைரமில்லாதவை என்றோ விழுந்துவிட்டன. வைரமுள்ளவற்றிலும் கிளையும் பட்டையும் வெளிமரமும் போய்விட்டன. நாம் காண்பது ஒரு காட்டின் மிச்சமான எலும்புகள். இதை மறந்து, அந்தக் காலத்து மரம் எல்லாமே இப்படி உறுதி என்று முடிவுகட்டக் கூடாது. விழுந்தவை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டைகளுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கக்கூடும். தேக்கு, சந்தனவேம்பு போன்ற சில மரங்கள் மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப ஆண்டுதோறும் அகலமாகவோ குறுகலாகவோ ஒரு வளையம் போடும். கேரளத் தேக்கு வளையங்களைக் கொண்டு சில நூற்றாண்டுகளின் பருவமழை வரலாற்றை இந்திய ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். ஏரியில் மூழ்கிய பெரிய மரங்கள் தாது வருடத்தில் உயிரோடு நின்றவை. அந்தப் பஞ்சத்தைத் தணிக்க வந்த நீரிலேயே பின்னர் மூழ்கியவை.

104, 142

கம்பம் பள்ளத்தாக்கில் மே மாதக் கடைசியில் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: பெரியாறு மட்டம் எவ்வளவு? செய்தித்தாளில் தினமும் வரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு நாற்றுவிடும் நாள் முடிவாகும்.

அதே எண்ணைக் கட்டைகளின் கண்ணால் பார்க்கலாம். 104 அடிக்குக் கீழே உள்ள நீர் தேக்கடிச் சுரங்கத்துக்குள் ஏறாது. அது ஏரியிலேயே தங்கும். ஆகவே அதற்குக் கீழே நிற்கும் மரம் என்றும் மூழ்கியது, காவலில் இருப்பது. முதலில் 152 அடிவரை தேக்கிய ஏரி 1979-இல் 136 ஆகக் குறைக்கப்பட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 142 ஆனது. அதற்கு மேலே உள்ளது இப்போது எந்நாளும் காற்றில் இருப்பது. இவை இரண்டுக்கும் இடையில்தான் ஊசலாட்டம். மழைக்காலத்தில் மூழ்கி, கோடையில் வெளிப்பட்டு, ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் வட்டாரம் இது. பந்தல்காலின் அந்த ஒரு சாண், இங்கே பல அடி உயரத்துக்கு விரிந்திருக்கிறது. பூஞ்சை இங்கே பருவகாலக் கூலியாள்: நீர் இறங்கியதும் வேலைக்கு வரும், ஏறியதும் நிறுத்திவிடும். உயரம் கூடக் கூட, வருடத்தில் காற்றில் நிற்கும் நாள்களும் கூடும், தேய்மானமும் கூடும். கட்டைகள் அடி பருத்து நுனி கூர்ந்து ஈட்டிபோல இருப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

மூழ்கிய மரத்தைக் கடந்த நீர் சுரங்கத்தில் நுழைகிறது. சுமார் 1.7 கிலோமீட்டர் மலையைக் குடைந்த வழி. மறுபக்கம் வெளிவந்து, குழாய்களில் ஆயிரம் அடிக்கும் மேல் இறங்கி, லோயர் கேம்ப்பில் விசையாழிகளைச் சுற்றுகிறது. மின்நிலையத்துக்குப் போகாத நீர் மலைப்பாதையோரம் இரைச்சல் பாலத்தின் வழியே பாய்கிறது. அந்தப் பெயரே அறிவியல். ஓடும் நீரின் ஓசை பெரும்பாலும் நீரின் ஓசை அல்ல. அதில் சிக்கிய காற்றுக்குமிழிகள் மணிபோல அதிர்வதன் ஓசை என்று மின்னார்ட் என்ற இயற்பியலாளர் 1933-இல் காட்டினார். ஏரியில் அமைதியாக, காற்றுக்குக் கதவடைத்து நின்ற நீர், பாறையில் மோதிச் சிதறிக் காற்றை அள்ளிக்கொள்ளும்போது இரைகிறது. பிறகு வைரவனாறாக, சுருளியாறாக நம் வயலுக்கு வருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் நம் நாற்றுக்காக நீர் இறங்கும் போதெல்லாம், மேலே அந்தக் கட்டைகளின் இன்னும் ஓர் அடி காற்றுக்குத் திறக்கிறது. பள்ளத்தாக்கில் நெல் பச்சை கட்டுவதும், ஏரியில் கட்டை மெலிவதும் ஒரே நீரின் இரண்டு கணக்குகள். அடுத்த முறை படகு அந்த மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போகும்போது, யானையைத் தேடும் கண்ணைக் கொஞ்சம் இறக்கி, நீர்மட்டத்தில் அந்தக் கறுத்த கட்டையைப் பாருங்கள். நம் சோற்றுக்கு அது 130 வருடமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது.